முதல் ஊடக விசாரணை எது? 1836இல் ஒரு நியூயார்க் கொலையும் ஒரு சென்ட் பத்திரிகைகளும்

கேள்வி இது: "1893இல் நடந்த லிசி போர்டன் வழக்குதான் அமெரிக்காவின் முதல் ஊடக விசாரணை என்று படித்தேன். அது சரியா? அந்தக் காலப் பத்திரிகைகளில் வந்ததை எந்த அளவுக்கு நம்பலாம்?"

அப்பாவையும் அவர் மனைவியையும் வெட்டிக் கொன்றதாக லிசி போர்டன் என்ற பெண்மீது நடந்த அந்த வழக்கு பெரிய வழக்குதான், ஆனால் முதல் வழக்கு இல்லை. அதற்கு 57 ஆண்டுகளுக்கு முன்பே, தந்தியும் புகைப்படமும் வராத காலத்தில், நியூயார்க் பத்திரிகைகள் ஒரு கொலை வழக்கை நீதிமன்றத்துக்கு முன்னாலேயே விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டன, அதுவும் பத்திரிகைக்கு ஒரு தீர்ப்பாக. அதுதான் 1836இல் நடந்த ஹெலன் ஜூவட் கொலை வழக்கு. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் இந்த வழக்கை வைத்தே பதில் சொல்கிறேன். போர்டனுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம். மன்ஹாட்டனில் தாமஸ் தெரு 41ஆம் எண் வீடு, ரோசினா டவுன்சென்ட் என்பவர் நடத்திய பாலியல் தொழில் விடுதி. வசதியான ஆட்கள் வந்து போகிற இடம். 1836 ஏப்ரல் 9, சனிக்கிழமை இரவு, அங்கே வசித்த ஹெலன் ஜூவட்டைப் பார்க்க ஒருவர் வந்தார். அந்த வீட்டில் அவருக்கு 'ஃபிராங்க் ரிவர்ஸ்' என்று பெயர். பதினொரு மணி வாக்கில் தான் அந்த அறைக்கு ஷாம்பெய்ன் கொண்டுபோய்க் கொடுத்ததாக டவுன்சென்ட் பின்னர் சாட்சி சொன்னார். விடியற்காலை மூன்று மணி வாக்கில் அவர் எழுந்து பார்த்தபோது கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. மாடியில் ஜூவட்டின் அறையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஜூவட் இறந்து கிடந்தார், தலையில் கோடாரி வெட்டு, படுக்கைக்குத் தீ வைக்கப்பட்டிருந்தது. கொல்லைப் பக்கம் தேடியதில் ஒரு கோடாரியும் ஒரு மேலங்கியும் கிடைத்தன. காலையிலேயே ரிச்சர்ட் ராபின்சன் என்ற 19 வயது இளைஞரைப் பிடித்துவிட்டார்கள். கனெக்டிகட்டைச் சேர்ந்த நல்ல குடும்பத்துப் பையன், ஜோசப் ஹாக்ஸி என்ற வியாபாரியின் கடையில் குமாஸ்தா. 'ஃபிராங்க் ரிவர்ஸ்' அவர்தான் என்றது போலீஸ்.

பாலியல் தொழில் செய்யும் பெண்கள் மீது தாக்குதல் நடப்பது அந்த நகரத்துக்குப் புதிதில்லை. இந்த ஒன்று மட்டும் ஏன் நாடு முழுக்கப் பரவியது? அதற்குப் பத்திரிகை வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும்.

1833க்கு முன்பு நியூயார்க்கில் ஒரு நாளிதழின் விலை ஆறு சென்ட் (நூறு சென்ட் ஒரு டாலர்). பெரும்பாலும் ஆண்டுச் சந்தா, பத்து டாலர், முன்பணம். கப்பல் வரவு, சரக்கு விலை, வாஷிங்டன் அரசியல் எல்லாம் வியாபாரிகளுக்கான சமாசாரம். நாள் கூலி ஒரு டாலரை எட்டுவதே கஷ்டமாக இருந்த தொழிலாளி அதை வாங்குவானா? 1833 செப்டம்பரில் பெஞ்சமின் டே என்ற அச்சகக்காரர் 'சன்' என்ற சிறிய பத்திரிகையை ஒரு சென்ட்டுக்கு விட்டார். பையன்களிடம் நூறு பிரதியை ரொக்கத்துக்கு 67 சென்ட், கடனுக்கு 75 சென்ட் என்று கொடுத்தார். தெருவில் கத்தி விற்றால் மீதி அவர்களுக்கு. இங்கேதான் எல்லாம் மாறியது. சந்தாதாரர் ஒரு வருஷத்துக்குக் காசு கட்டிவிட்டார், பத்திரிகை சலிப்பூட்டினாலும் வந்துகொண்டிருக்கும். தெருவில் வாங்குபவரையோ தினமும் புதிதாக இழுக்க வேண்டும். அதனால் டே, போலீஸ் கோர்ட்டில் தினமும் காலையில் உட்கார்ந்து எழுத ஜார்ஜ் விஸ்னர் என்பவரை வாரம் நாலு டாலருக்கு வைத்துக்கொண்டார். குடிச்சண்டை, திருட்டு, புருஷன் பெண்டாட்டி அடிதடி எல்லாம் செய்தியாயின. 1834இல் 'டிரான்ஸ்கிரிப்ட்', 1835 மே மாதம் 'ஹெரால்ட்' என்று போட்டிகளும் வந்தன. அந்த ஆகஸ்டில்தான் 'சன்', நிலாவில் இறக்கை முளைத்த மனிதர்கள் இருப்பதாக ஒரு தொடரையே அவிழ்த்துவிட்டு விற்பனையை ஏற்றிக்கொண்டது. எழுதியவர் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக். ஜூவட் கொலை நடந்தபோதும் 'சன்' ஆசிரியர் அவர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த ஏப்ரல் மாத இதழ்களைப் படிப்பது நல்லது.

'ஹெரால்ட்' ஆசிரியர் ஜேம்ஸ் கார்டன் பென்னட், ஸ்காட்லாந்துக்காரர், நாற்பது வயது. கையில் இருந்த 500 டாலரை வைத்து, நியூயார்க்கின் வியாபார மையமான வால் தெருவில் (Wall Street) ஒரு நிலவறையில் ஆரம்பித்தவர். கொலை வழக்கு அவருக்குப் புதிதும் இல்லை. 1830இல் மாசச்சூசெட்ஸ் சேலத்தில் ஜோசப் வைட் என்ற செல்வந்தரின் கொலை வழக்கை வேறொரு பத்திரிகைக்காக எழுதப் போயிருந்தார். நிருபர்களுக்கு அங்கே கட்டுப்பாடு விதித்தபோது கொதித்துப்போய், "பத்திரிகைதான் இந்த நாட்டின் உயிருள்ள ஜூரி" என்று எழுதினார். அப்போது அது வெறும் வசனம். ஆறு வருஷம் கழித்து, சொந்தப் பத்திரிகை கையில் இருந்தபோது, நிஜமாகவே ஜூரியாக உட்கார்ந்துவிட்டார்.

கொலை நடந்த வீட்டுக்கு அவரே போனார். நிருபர் சம்பவ இடத்துக்குப் போவது நமக்கு இன்று சாதாரணம், அன்று அப்படி இல்லை. வாசலில் கூட்டம். இவரை மட்டும் ஏன் உள்ளே விடுகிறாய் என்று யாரோ கேட்க, "அவர் பத்திரிகை ஆசிரியர், பொதுக் கடமையாக வந்திருக்கிறார்" என்று காவலுக்கு நின்றவர் பதில் சொன்னாராம். இதை எழுதியவரும் பென்னட்தான்! உள்ளே பார்த்ததை அவர் வர்ணித்த விதம் இன்று படித்தாலும் கூசும். பிணத்தைப் பளிங்குச் சிலை என்கிறார், மெடிசி வீனஸ் என்ற புகழ்பெற்ற பழங்காலச் சிலையையும் மிஞ்சிய அழகு என்கிறார், தீயில் கருகிய பக்கம் பழங்கால வெண்கலச் சிலை மாதிரி இருந்தது என்கிறார். அறையில் இருந்த புத்தகங்கள், கவிஞர் பைரனின் படம் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். வாசகரைக் கையைப் பிடித்து அந்த அறைக்குள் அழைத்துப் போகிற எழுத்து. இதைப் பத்திரிகைத் தொழிலின் பெரிய முன்னேற்றம் என்று எழுதுபவர்கள் உண்டு. நேரில் போய்ப் பார்த்தது முன்னேற்றம்தான். ஆனால் வெட்டுப்பட்டு, எரிந்து கிடந்த ஒரு பெண்ணைச் சிலையாக்கியது விற்பனைத் தந்திரம் என்றுதான் நான் சொல்வேன். கடைகளிலும் சும்மா இருக்கவில்லை. பாதி எரிந்த படுக்கையில் அவர் கிடப்பதாகக் கல்லச்சுப் படம் போட்டு விற்றார்கள். உடம்பை மறைத்ததைவிடக் காட்டியதுதான் அதில் அதிகம்.

முதல் நாள் ராபின்சன்தான் கொலையாளி என்று நம்பியது 'ஹெரால்ட்'. அடுத்த சில நாட்களிலேயே திரும்பிவிட்டது. பையன் அப்பாவி, விடுதிப் பெண்களும் போலீஸும் சேர்ந்து மாட்டிவிடுகிறார்கள் என்று எழுத ஆரம்பித்தது. ஏன் திரும்பினார் பென்னட்? காசு வாங்கினார் என்று போட்டியாளர்கள் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. 'சன்' ராபின்சனைக் குற்றவாளி என்று உறுதியாக நின்றது, 'டிரான்ஸ்கிரிப்ட்'டும் கிட்டத்தட்ட அதே பக்கம். மூன்றாவது ஆளும் அதையே சொன்னால் யார் வாங்குவார்கள்? எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. வாசகர்களும் வேறு வேறு. 'சன்' கைத்தொழிலாளிகளின் பத்திரிகை. பணக்கார வீட்டுப் பையன் ஏழைப் பெண்ணைக் கெடுத்துக் கொன்றான் என்ற கதை அவர்களுக்குச் சட்டென்று புரியும். 'ஹெரால்ட்' வால் தெருச் செய்திகளையும் போட்டு, கடை குமாஸ்தாக்களையும் வியாபாரிகளையும் இழுத்துக்கொண்டிருந்த பத்திரிகை. ராபின்சன் அவர்களில் ஒருவர்.

ஏப்ரல் 16 இதழில் பென்னட் ஒரு காரியம் செய்தார். ரோசினா டவுன்சென்ட்டைச் சந்தித்ததாகச் சொல்லி, கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று வரிவரியாகப் போட்டார். அமெரிக்கப் பத்திரிகையில் வந்த முதல் பேட்டி இதுதான் என்று இதழியல் வரலாறுகளில் அடிக்கடி பார்க்கலாம். அந்தப் பெருமையை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அது கற்பனை என்று அப்போதே 'சன்' குற்றம் சாட்டியது. தவிர, பதில்கள் எல்லாம் டவுன்சென்ட் மீதே சந்தேகம் வரும்படி வசதியாக அமைந்திருக்கின்றன. தன் கழுத்துக்கே கயிறு வரக்கூடிய நேரத்தில் ஒருவர் எதிரிப் பத்திரிகையிடம் இப்படிப் பேசுவாரா? கேள்வி பதில் என்ற வடிவம் நீதிமன்றக் குறுக்கு விசாரணையின் வடிவம். அதைக் கடன் வாங்கியதும், ஒரு ஆசிரியரின் ஊகம் சாட்சியம் மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது.

இதற்கு நடுவே ஆறு சென்ட் பத்திரிகைகள் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருந்தன. விடுதிப் பெண்ணின் கொலை கண்ணியமான வீட்டு மேஜைக்கு வரக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. பென்னட்டைக் குப்பை என்று திட்டுவதற்கு மட்டும் இடம் இருந்தது. அவர்களில் ஒருவரான 'கூரியர் அண்ட் என்கொயரர்' ஆசிரியர் ஜேம்ஸ் வாட்சன் வெப், பென்னட்டின் பழைய முதலாளி, 1836இல் அவரைத் தெருவில் வைத்து அடித்தே இருக்கிறார். அடி வாங்கிய கதையையும் பென்னட் மறுநாள் செய்தியாக்கி விற்றார். ஆள் அப்படி.

நியூயார்க் செய்தி தந்தி இல்லாமல் எப்படிப் பரவியது என்று கேட்கலாம். பத்திரிகை ஆசிரியர்கள் தங்களுக்குள் ஒரு பிரதியைத் தபால் கட்டணம் இல்லாமல் அனுப்பிக்கொள்ள 1792 தபால் சட்டம் அனுமதித்திருந்தது. அதனால் ஒவ்வொரு ஊர் ஆசிரியர் மேஜையிலும் பிற ஊர்ப் பத்திரிகைகள் குவியும். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து அப்படியே மறுபடி அச்சடிப்பார்கள். நியூயார்க்கில் ஒருவர் எழுதிய ஊகம், பத்து நாளில் நாலு மாநிலங்களில் உறுதியான செய்தியாக நிற்கும்.

ஹெலன் ஜூவட்டின் பூர்வீகம் அதற்கு நல்ல உதாரணம். அநாதைப் பெண், கௌரவமான நீதிபதி வீட்டில் மகள் மாதிரி வளர்ந்தவர், ஒரு கயவன் கெடுத்துவிட்டான் என்று கதைகள் வந்தன. யார் கெடுத்தது என்பது மட்டும் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறியது. நிருபர்கள் மட்டும் காரணமில்லை, ஜூவட்டே வருபவர்களிடம் தன் கதையை மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார். 1834இலேயே, தன்னைத் தாக்கிய ஒருவர்மீது அவர் போலீஸ் கோர்ட்டில் புகார் கொடுத்தபோது, 'டிரான்ஸ்கிரிப்ட்'டில் உருக்கமான ஒரு கட்டுரை வந்தது. கொலைக்குப் பிறகு தன் வீட்டைப் பற்றித்தான் இதெல்லாம் என்று தெரிந்ததும், மெய்ன் மாநில நீதிபதி நேதன் வெஸ்டன் வேறு வழியில்லாமல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பெண்ணின் நிஜப் பெயர் டார்கஸ் டோயன், அகஸ்டா ஊரில் தன் வீட்டில் வேலைக்காரியாகச் சில ஆண்டுகள் இருந்தவர், 18 வயதில் வெளியேறினார், அவ்வளவுதான். 'மகள்' என்று ஊரெல்லாம் உருகிக்கொண்டிருந்தது ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணைப் பற்றி. அந்தக் கடிதம் வந்த பிறகும் பழைய கதை நிற்கவில்லை. விற்கிற கதையை யார் விடுவார்கள்?

ஜூன் 2இல் சிட்டி ஹாலில் விசாரணை தொடங்கியது, நீதிபதி ஆக்டன் எட்வர்ட்ஸ். ஆயிரக்கணக்கில் கூட்டம், பெரும்பாலும் இளம் குமாஸ்தாக்கள். ராபின்சன் போடுகிற மாதிரித் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். விடுதிப் பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறும்போது கூச்சல், ராபின்சன் தரப்பு வக்கீல் ஏதாவது மடக்கினால் ஆரவாரம். ஆக்டன் ஹாஃப்மன், ஹியூ மேக்ஸ்வெல், வில்லியம் பிரைஸ் என்று நகரின் பெரிய வக்கீல்கள் மூன்று பேர் ராபின்சனுக்கு. பக்கத்தில் அவருடைய அப்பாவும் முதலாளி ஹாக்ஸியும்.

அரசுத் தரப்புக்குக் கோடாரி இருந்தது, ஹாக்ஸி கடையில் காணாமல் போனது அதுதான் என்று சாட்சியமும் இருந்தது. ஆனால் அன்றிரவு அவரை அந்த வீட்டில் பார்த்தவர்கள் எல்லோரும் விடுதிப் பெண்கள். எதிர்த்தரப்பு கொண்டுவந்தது ராபர்ட் ஃபர்லாங் என்ற மளிகைக் கடைக்காரரை. ராபின்சன் அன்றிரவு பத்தேகால் மணி வரை தன் கடையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். ஒன்பது மணிக்கு மேல், பத்து மணிக்குள் அவரை உள்ளே விட்டதாக டவுன்சென்ட் சொல்லியிருந்தார். இரண்டும் ஒத்துப்போகாது. அப்படிப்பட்ட பெண்களின் வாக்குமூலத்தை வேறு ஆதாரம் இல்லாமல் ஏற்க வேண்டாம் என்று நீதிபதி ஜூரியிடம் சொல்லிவிட்டார். ஜூன் 7 இரவு வெகு நேரம் கழித்து வழக்கு ஜூரியிடம் போனது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, விடுதலை.

'சன்' பொறுக்கவில்லை. இந்த மூன்று வக்கீல்களை அமர்த்த 1,500 டாலரை நண்பர்களிடம் திரட்ட முடிகிற எந்த அழகான இளைஞனும் இனி யாரை வேண்டுமானாலும் கொல்லலாம் என்ற பொருளில் தலையங்கம் எழுதியது. பென்னட்டுக்கு அது வெற்றி. ஆகஸ்டில் 'ஹெரால்ட்' விலையை இரண்டு சென்ட்டாக்கினார், வாசகர்கள் போய்விடவில்லை. ராபின்சன் அப்போது தனி நாடாக இருந்த டெக்சஸுக்குப் போய், நகோடோசஸ் ஊரில் தன் நடுப்பெயரை வைத்து ரிச்சர்ட் பார்மலி என்று வாழ்ந்து, 1855இல் பயணத்தின்போது காய்ச்சலில் இறந்தார். வேறு யாரையும் இந்தக் கொலைக்காக விசாரிக்கவே இல்லை. அவர்தான் செய்தார் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் என் கைக்கு வந்த சாட்சியங்களும் அந்தப் பத்திரிகைகள் வழியாக வந்தவைதானே.

இப்போது போர்டன். 1892 ஆகஸ்ட் 4, மாசச்சூசெட்ஸ் ஃபால் ரிவர் ஊரில் ஆண்ட்ரூ போர்டனும் அவர் மனைவியும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், மகள் லிசி கைது. 1836க்கும் இதற்கும் வித்தியாசம் வேகமும் அளவும்தான். மாலைப் பதிப்புகள், தந்திக் கம்பிகள், டஜன் கணக்கில் நிருபர்கள், படம் வரையும் ஓவியர்கள். ஆனால் பழைய வியாதி அப்படியே இருந்தது. 'பாஸ்டன் குளோப்' நிருபர் ஹென்றி டிரிக்கி, எட்வின் மெக்ஹென்றி என்ற துப்பறிவாளரிடம் 500 டாலருக்கு வழக்கு விவரங்களை வாங்கினார். 25 புதுச் சாட்சிகள், லிசி கர்ப்பம், அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அக்டோபர் 10இல் முதல் பக்கம் முழுக்க வந்தது. எல்லாம் பொய். இரண்டே நாளில் 'குளோப்' முதல் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டது. டிரிக்கி கனடாவுக்கு ஓடி, அந்த ஆண்டு முடிவதற்குள் ரயிலில் அடிபட்டு இறந்தார். லிசியும் 1893 ஜூனில் விடுதலையானார். ஆக, 1892இல் மன்னிப்பு கேட்கும் வழக்கமாவது வந்திருந்தது, 1836இல் அதுவும் இல்லை.

அடுத்து உங்கள் இரண்டாவது கேள்வி, எவ்வளவு நம்பலாம் என்பது. அந்தப் பத்திரிகைகளில் இரண்டு விதமான எழுத்து இருக்கிறது, இரண்டையும் கலக்கக்கூடாது. ஒன்று, நீதிமன்றத்தில் உட்கார்ந்து எழுதிய சாட்சியங்கள். பொடி எழுத்தில், பத்தி பத்தியாக, அலுப்பூட்டும். இது ஓரளவு நம்பகமானது, காரணம் ஒரே கூண்டில் ஒரே சாட்சி சொன்னதை நாலைந்து பேர் ஒரே நேரத்தில் எழுதினார்கள். 'சன்', 'ஹெரால்ட்' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜென்ம விரோதிகள் இருவரும் ஒரே மாதிரி எழுதிய வரி, அநேகமாகக் கூண்டில் சொல்லப்பட்ட வரிதான். இன்னொன்று, விசாரணைக்கு முன் வந்த ஏப்ரல், மே மாத எழுத்து. அதில் ஊர், தேதி, பெயர் சரியாக இருக்கும்போதே காரணமும் நோக்கமும் கற்பனையாக இருக்கலாம். அதை அன்றைய வாசகர்கள் என்ன வாங்கினார்கள் என்பதற்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள், என்ன நடந்தது என்பதற்கு வேண்டாம்.

வெளியூர்ப் பத்திரிகையில் ஒரு தகவல் கிடைத்தால், அது எங்கிருந்து வெட்டி எடுத்தது என்று முதலில் தேடுங்கள். பெரும்பாலும் மேலேயோ கீழேயோ மூலப் பத்திரிகையின் பெயர் இருக்கும். ஐந்து ஊர்களில் வந்திருக்கிறது என்பதால் ஐந்து ஆதாரம் ஆகிவிடாது, ஐந்தும் ஒரே 'ஹெரால்ட்' பத்தியாக இருக்கலாம். 'ஹெரால்ட்'டின் பழைய இதழ்கள் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1836 ஏப்ரல் 11 தொடங்கி ஒரு வாரத்தை வரிசையாகப் படித்தால், ராபின்சன் குற்றவாளியிலிருந்து அப்பாவியாக மாறுவதை நாள்வாரியாகப் பார்க்கலாம். அந்த வாரத்தில் புதிதாக என்ன சாட்சியம் வந்தது என்றும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.